சம்பள வேலையிலிருந்து மனை, வீட்டுத் தரகுக்கு மாற நினைப்பவர்கள் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

மாதச் சம்பளத்தில் இருக்கும் ஒருவர், மனையும் வீடும் வாங்கி விற்க உதவும் தரகுத் தொழிலுக்கு மாறலாமா என்று யோசிக்கத் தொடங்குவது பெரும்பாலும் ஒரு கணக்கிலிருந்துதான். பக்கத்துத் தெருவில் ஒரு வீடு 50 லட்சம் ரூபாய்க்குக் கைமாறியது. நடுவில் இருந்தவருக்கு இரு தரப்பிலும் சேர்த்து ஒரு லட்சம் கிடைத்தது. அவர் செய்ததெல்லாம் நாலு முறை பூட்டைத் திறந்து வீட்டைக் காட்டியதுதான் என்று அந்தக் கணக்கு ஓடும். கணக்கு சரிதான். ஆனால் அதே ஆள் அந்த வருடத்தில் அலைந்தும் முடியாமற்போன பேரங்களும், தரகே வராமல் கழிந்த மாதங்களும், பத்திரத்தில் இருந்த ஓட்டையைக் கண்டு ‘இதை வாங்க வேண்டாம்’ என்று தானே சொல்லிக் கைவிட்ட வியாபாரங்களும் அதில் ஏறுவதில்லை.

பேசி விற்கும் சாமர்த்தியம் தொழிலில் இறங்கிய பிறகு பழக்கத்தில் வந்துவிடும். ஆவணங்களைப் படிக்கும் அறிவும், வருமானமில்லாத மாதங்களைத் தாங்கும் ஏற்பாடும் அப்படி வருவதில்லை. அவற்றைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு மாற விரும்புகிறவர் எந்த வரிசையில் தயாராக வேண்டும் என்பதை, அந்த இரண்டுக்கும் கூடுதல் இடம் கொடுத்துக் கீழே எழுதியிருக்கிறேன்.

பணம் எப்போது கைக்கு வரும்

தரகு வீதத்தைத் தமிழ்நாட்டில் எந்தச் சட்டமும் நிர்ணயிக்கவில்லை. விற்பனையில் ஒவ்வொரு தரப்பிடமும் 1 முதல் 2 சதவீதம், வாடகையில் ஒரு மாத வாடகை என்பது பல ஊர்களில் வழக்கம். கேட்டது அப்படியே கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 40 லட்சம் ரூபாய் வீட்டில் 1 சதவீதம் 40,000 ரூபாய். வாங்குகிறவரை வேறொரு தரகர் அழைத்து வந்திருந்தால் உங்களுக்கு விற்பவர் தரப்பு மட்டுமே மிஞ்சும். பெட்ரோல், இணையத்தில் விளம்பரம், வில்லங்கச் சான்று எடுத்த செலவு எல்லாவற்றையும் கழித்துத்தான் அதை வருமானமாகப் பார்க்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது காலம். வங்கிக் கடனில் ஒருவர் பழைய அடுக்ககம் வாங்குகிறார் என்றால், பிடித்திருக்கிறது என்று சொன்ன நாளுக்கும் பத்திரம் முடியும் நாளுக்கும் இடையில் பத்திரங்களைப் படித்து வழக்கறிஞர் தரும் சட்டக் கருத்து (லீகல் ஒப்பீனியன்), வங்கி மதிப்பீட்டாளரின் வருகை, கடன் ஒப்புதல், விற்பவரின் பழைய கடனை அடைத்துப் பத்திரத்தை மீட்பது என்று பல படிகள் உண்டு. எல்லாம் தடையின்றி நடந்தாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஓடிவிடும். தரகு பெரும்பாலும் பதிவு நாளில்தான் கைக்கு வரும். நடுவில் விற்பவரின் தங்கை ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தால் அத்தனை மாத உழைப்பும் போகும்.

இதோடு நம் ஊர்ப் பஞ்சாங்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பங்கள் கிரயம் முடிக்க மாட்டார்கள். ஆடிப்பெருக்கு மட்டும் விதிவிலக்கு. ஆவணி, தை முகூர்த்த நாள்களில் சார்பதிவாளர் அலுவலகங்களில் கூட்டம் நெரியும். அத்தகைய நாள்களில் பதிவுத் துறையே கூடுதல் டோக்கன் வழங்குகிறது. ஆகவே வருமானம் வருடம் முழுவதும் சமமாகப் பரவி வராது. ஒரு வருடக் குடும்பச் செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வைத்துவிட்டு இறங்குவது என் பார்வையில் குறைந்தபட்ச எச்சரிக்கை. வீட்டுக் கடன் தவணையும் கல்லூரிக் கட்டணமும் உள்ள வீட்டில் அதற்கும் மேல் வேண்டியிருக்கும்.

எந்தப் பிரிவு, எந்த வட்டாரம்

தரகு என்று ஒரே சொல்லில் சொல்கிறோமே தவிர, உள்ளே நான்கு தனித் தொழில்கள் இருக்கின்றன. வாடகை வீடு பிடித்துக் கொடுப்பது வேகமானது, தொகை சிறியது, முதல் வருடச் சமையலறைச் செலவுக்கு உதவுவது. புரமோட்டர் (நிலத்தை மனைகளாகப் பிரித்தோ வீடு கட்டியோ விற்பவர்) போட்ட மனைப்பிரிவில் மனை விற்பது இலக்கும் ஊக்கத்தொகையும் உள்ள விற்பனை வேலை. சைட் விசிட்டுக்கு வேன் ஏற்பாடு செய்வது முதல் தவணை வசூல் வரை அலைச்சல் இருக்கும், ஆனால் ஆவணத் தொகுப்பு அனைத்து மனைகளுக்கும் ஒன்றே என்பதால் கற்பவருக்குச் சுமை குறைவு. பழைய வீடு, அடுக்கக மறுவிற்பனையில் ஒவ்வொரு சொத்தும் ஒவ்வொரு கதை. இங்கேதான் ஆவண அறிவுக்கு முழு மதிப்பு உண்டு. விவசாய நிலம் மிகக் கடினமானது. பாதை உரிமை, கிணற்றில் பங்கு, பாகம் பிரிக்காத பங்காளிகள், குத்தகைதாரர் எல்லாம் அதில் வருவதால் புதிதாக வருகிறவர் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

வட்டாரத்தை எவ்வளவு சுருக்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. ஒரு சார்பதிவாளர் அலுவலக எல்லையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு தெருவுக்கும் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும், அண்மையில் உண்மையாக விலைபோன தொகையையும், மழையில் தண்ணீர் நிற்கும் இடங்களையும் தெரிந்து வைத்திருப்பவரிடம் பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர், தானாக வருவார். தாம்பரத்திலும் திருவள்ளூரிலும் ஒரே நேரத்தில் சைட் காட்டுகிற புதியவருக்கு இரண்டு ஊரும் பிடிபடாது.

அளவுகளும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். சென்னையில் கிரவுண்ட் என்றால் 2,400 சதுர அடி. மற்ற பல இடங்களில் சென்ட், அதாவது 435.6 சதுர அடி. தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் குழி, மா, வேலி என்றுதான் பேசுவார்கள். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா சுமார் 33 சென்ட் என்பது அப்பக்கத்துப் பெரியவருக்கு நாக்கு நுனியில் இருக்கும். வருவாய்த் துறையின் பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும்தான் இருக்கும். ஓர் ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். விற்பவர் எதிரில் கைப்பேசியைத் தட்டிக் கணக்குப் போடுகிற தரகரை அவர் எடைபோட்டுவிடுவார்.

ரெரா பதிவு

2016ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் (சுருக்கமாக ரெரா) 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கான விதிகள் அதே ஆண்டு ஜூனில் வெளியாயின. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்கும் திட்டங்களும், அவ்வாறே மனைப்பிரிவுகளும் இச்சட்டப்படி அமைந்த ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாக வேண்டும். பதிவான திட்டத்தின் மனையையோ வீட்டையோ விற்க உதவும் எவரும் முகவராகப் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. தரகர், இடைத்தரகர், ஆலோசகர் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. எந்த ஊடகத்தின் வழியாக வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகப்படுத்தித் தரகு பெற்றாலும் அது பொருந்தும் என்பதால், யூடியூபில் வீடு காட்டுகிறவர்களும் இதற்கு வெளியே இல்லை.

விண்ணப்பம் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் செய்யப்படுகிறது. பான் அட்டை, புகைப்படம், தொழில் நடத்தும் முகவரிக்கான சான்று போன்றவை தேவை. தனிநபருக்கு ஒரு கட்டணமும் நிறுவனத்துக்கு அதைவிட உயர்ந்த கட்டணமும் உண்டு. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். கிடைக்கும் எண்ணை நீங்கள் முடித்துவைக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். பதிவில்லாமல் இயங்கினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்க 62ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் 2023 முதல் முகவர்கள் பயிற்சி பெற்றுத் தேர்வும் எழுதித் தேற வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அத்தகைய கட்டாயம் இருக்கிறதோ இல்லையோ, அந்த அளவுக்குப் படித்துவிட்டு வருகிறவருக்கு இங்கே போட்டி குறைவு.

தனி வீடு, தனி மனை, விவசாய நிலம் ஆகியவற்றின் மறுவிற்பனை பதிவான திட்டத்துக்குள் வராதபோது இந்தக் கட்டாயம் எழாது. ‘அப்படியானால் எனக்கு ரெரா எதற்கு’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வங்கியில் கடன் வாங்கி அடுக்ககம் தேடும் குடும்பங்கள் இன்று எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குகின்றன. புரமோட்டர்களும் பதிவில்லாதவருக்குக் கமிஷன் கொடுக்கத் தயங்குகிறார்கள். செய்து வைத்துக்கொள்வதே மேல்.

பதிவு கிடைத்ததும் கடமைகளும் தொடங்குகின்றன. பதிவாகாத திட்டத்தை விற்க உதவக் கூடாது. கணக்குப் புத்தகங்கள் வைத்திருக்க வேண்டும். திட்டத்தில் இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. முன்பதிவின்போது வாங்குகிறவருக்கு உரிய ஆவணங்களும் தகவல்களும் கிடைக்கச் செய்ய வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரமோட்டர் முன்பணம் வாங்கக் கூடாது என்பதையும் முகவர்தான் பார்ட்டிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பல முகவர்கள் சொல்வதில்லை.

பத்திரம் படிக்கக் கற்றல்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும், வேலையில் இருக்கும்போதே தொடங்கவும் வேண்டும். உங்கள் வீட்டுப் பத்திரத்தையே முதல் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், அவருக்கு அந்தச் சொத்து எப்படி வந்தது என்ற வரலாறு, கடைசியில் சொத்து விவரம் என்று ஒழுங்கு இருக்கும். வரலாற்றில் குறிப்பிடும் முந்தைய ஆவண எண்களைத் தேடிப் பின்னோக்கிப் போனால் தாய்ப்பத்திரம் வரும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் விற்றவருக்கு அந்த அளவு நிலத்தை விற்கும் உரிமை இருந்ததா என்பதே கேள்வி. 60 சென்ட் வாங்கியவர் தனித்தனியாக விற்றதைக் கூட்டினால் 64 சென்ட் வருவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. கடைசி நான்கு சென்ட் வாங்கியவருக்குக் காகிதம்தான் மிச்சம்.

அடுத்தது வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றின் பட்டியல். பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணையும் காலத்தையும் கொடுத்துப் பார்க்கலாம். கணினியில் ஏறாத பழைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர்கள் குறைந்தது 30 வருடம் கேட்பார்கள். இதைப் படிக்கும்போது மூன்று இடங்களில் நின்று பார்க்க வேண்டும். ஒன்று, வங்கியில் உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்பது. இன்னொன்று, யாரோ ஒருவருடன் போட்ட கிரய உடன்படிக்கை பதிவாகி, ரத்து ஆவணம் இல்லாமல் தொங்குகிறதா என்பது. மூன்றாவது, உட்பிரிவு. சர்வே எண் 112/3 என்பது பிற்காலத்தில் 112/3ஏ, 112/3பி என்று பிரிந்திருக்கும். புதிய எண்ணை மட்டும் கொடுத்துத் தேடினால் பிரிவதற்கு முந்தைய அடமானம் கண்ணில் படாமலே போய்விடும். நகரங்களில் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று மீண்டும் ஒரு மாற்றம் வரும். பழைய எண், புதிய எண் இரண்டிலும் தேடுவது தரகரின் வேலை. பார்ட்டிக்கு அது தெரிந்திருக்காது.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே வரும். பதிவாகாத உயில், வாய்மொழியாகப் பிரித்த பாகம், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு ஆகியவை பெரும்பாலும் அதில் தெரிவதில்லை. ‘வில்லங்கம் இல்லை’ என்று அச்சிட்ட தாளைக் காட்டிச் சொத்து சுத்தம் என்று சத்தியம் செய்கிற தரகரைக் கண்டால் ஒதுங்கிவிடலாம்.

பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறைப் பதிவு. உரிமைக்கு அதுவே முடிவான ஆதாரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் பட்டா யார் பெயரில் இருக்கிறது, கூட்டுப் பட்டாவா, ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகை என்ன, புலப்படத்தில் எல்லை எப்படி ஓடுகிறது என்பவற்றை அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும். அரசுப் புறம்போக்கு, கோயில் நிலம், வக்ஃபு நிலம் என்பன இந்த இடத்தில்தான் முகம் காட்டும். பஞ்சமி நிலமும் அவ்வாறே. 1890களில் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் அனுப்பிய அறிக்கையின் விளைவாகப் பட்டியல் சாதி மக்களுக்கு நிபந்தனையுடன் வழங்கப்பட்ட அந்நிலங்களை அச்சமூகத்துக்கு வெளியே விற்க முடியாது. விற்றால் அரசு மீட்டெடுக்கலாம். பழைய பதிவேட்டில் டி.சி. (டிப்ரெஸ்டு கிளாஸ்) நிலம் என்ற குறிப்பு இருக்கும். அதைக் கண்டும் காணாததுபோல் மனை போட்டு விற்பதற்குத் துணை போவது சட்டப்படியும் தவறு, மற்றபடியும் தவறு.

குடும்பச் சொத்தில் பெண்களின் பங்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தம் அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் உரிமை தந்தது; 2005ஆம் ஆண்டு மத்திய அரசின் திருத்தம் மணமானவர்களுக்கும் அதை விரித்தது; தந்தை 2005இல் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திடும் கிரயம் என்றால் வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். ‘அக்காவுக்கு நகை போட்டு அனுப்பிவிட்டோம், அவங்க கேட்க மாட்டாங்க’ என்பது எல்லா வீட்டிலும் சொல்லப்படுகிற சமாதானம்; அந்தப் பெண் தம் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரம் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. மைனர் பங்கு இருந்தால் தாயோ தந்தையோ விற்பதற்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம்.

சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பவர் தம்பிக்குப் பவர் (தம் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்து விற்பது நம்மிடையே சாதாரணம். பவர் பதிவானதா, விற்கும் அதிகாரம் அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, ரத்தாகவில்லையா, கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வெறும் பவரையும் ஒப்பந்தத்தையும் கைமாற்றிச் சொத்து கைமாறிவிட்டதாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்துவிட்டது. முடிந்தால் கைப்பேசிக் காணொலியில் உரிமையாளரிடமே நேரில் பேசிவிடுங்கள்.

மனைப்பிரிவு என்றால் அங்கீகாரம். சென்னைப் பெருநகரப் பகுதியில் அதைத் தருவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ), மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி). ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று விளம்பரங்களில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் அங்கீகாரமில்லா மனைகளின் பதிவுக்குத் தடை விதித்த பிறகு, அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் தேதியை எல்லையாக வைத்து அத்தகைய மனைகளைச் சட்டப்படி முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் 2017இல் கொண்டுவரப்பட்டது. எனவே பழைய மனை கையில் வந்தால் அந்தத் தேதிக்கு முன் அது மனையாகப் பதிவானதா, வரன்முறை ஆணை இருக்கிறதா என்பவையே முதல் இரண்டு கேள்விகள். அங்கீகரித்த வரைபடத்தையும் விரித்து வைத்துப் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 சதவீதம் திறந்தவெளிக்குக் கொடுக்க வேண்டும். பூங்கா என்று குறித்த அந்த இடமே பின்னாளில் மனையாக விலைபேசப்படுவது உண்டு.

காகிதம் முடிந்ததும் டேப்புடன் இடத்துக்குப் போக வேண்டும். செங்கல்பட்டுப் பக்கம் 1,200 சதுர அடி மறுவிற்பனை மனை ஒன்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் கிழக்கே 20 அடிச் சாலை, மேற்கே மனை எண் 14, வடக்கே மனை எண் 9, தெற்கே மனை எண் 11 என்றும், கிழமேல் 40 அடி, தென்வடல் 30 அடி என்றும் எழுதியிருக்கும். இடத்தில் நின்றால் வடக்கே புதிதாக ஒரு காம்பவுண்டுச் சுவர். தெற்கு மூலைக் கல்லிலிருந்து பிடித்தால் 30 அடிக்குப் பதில் 28 அடி 4 அங்குலம்தான் வருகிறது. சுவர் உள்ளே வந்ததா, கல் நகர்ந்ததா, அல்லது மனைப்பிரிவு முழுவதும் இப்படித்தான் குறைகிறதா என்று தெரிய அடுத்த இரண்டு மனைகளையும் அளக்க வேண்டும். கிழக்கே சாலை 20 அடி இருக்கிறதா என்றும் பிடித்துப் பாருங்கள். இது அரை மணி நேர வேலை. வெயிலில் நின்று இதைச் செய்த தரகரைப் பற்றி வாங்கியவர் நாலு பேரிடமாவது சொல்வார். எந்த விளம்பரத்தாலும் அது கிடைக்காது.

இவ்வளவும் தெரிந்துகொண்டாலும் வழக்கறிஞர் வேலையை நீங்கள் செய்யக் கூடாது. ஐயத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் பங்கு, தீர்ப்பது அவர் பங்கு. பழகுவதற்கு எளிய வழி, சார்பதிவாளர் அலுவலகம் அருகே இருக்கும் அனுபவமுள்ள ஆவண எழுத்தர் ஒருவரிடம் சனிக்கிழமைகளில் போய் உட்கார்ந்திருப்பது. ஒரு நாளில் அவர் மேசைக்கு வரும் சிக்கல்கள் எந்தப் பயிற்சி வகுப்பிலும் வராது.

தரகு, டோக்கன், ரொக்கம்

ஒரே சொத்துக்கு நடுவில் ஐந்தாறு தரகர்கள் சங்கிலிபோல் நிற்பது இத்தொழிலின் நடைமுறை. உரிமையாளரை நேரில் அறிந்தவர் யார், பார்ட்டியை அழைத்து வந்தவர் யார், நடுவில் வெறும் தகவல் சொன்னவர் யார், யாருக்கு எவ்வளவு என்பதைச் சைட் காட்டுவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட வேண்டும். பத்திரம் முடிந்த அன்று பேசினால் சண்டைதான். பார்ட்டியிடமும் அவ்வாறே: வீதம், எந்தக் கட்டத்தில் தர வேண்டும், பேரம் முறிந்தால் என்ன என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கக் கூச்சப்பட வேண்டாம். உங்களைத் தாண்டி விற்பவரும் வாங்குபவரும் நேரடியாக முடித்துக்கொள்வதை முழுமையாகத் தடுக்க முடியாது. எழுதிய தாள் இருந்தால் கேட்பதற்கு வாய் இருக்கும்.

‘எனக்கு 30 லட்சம் வந்தால் போதும், மேலே எவ்வளவு வைத்து விற்றாலும் உன்னுடையது’ என்று சொல்கிற உரிமையாளர்கள் உண்டு. 33 லட்சத்துக்கு விற்று மூன்று லட்சத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சார்பதிவாளர் அலுவலகத்தில் இரு தரப்பும் டோக்கன் எண் கூப்பிடும் வரை ஒரே பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பேச்சுவாக்கில் தொகை வெளியே வந்துவிடும். அதோடு அந்த வட்டாரத்தில் உங்கள் பெயர் முடிந்தது.

ரொக்கம் பற்றிக் கண்டிப்பு வேண்டும். அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விழலாம். பேரம் படிந்ததும் கொடுக்கும் டோக்கன் அட்வான்ஸ் உங்கள் கணக்குக்கு வரவே கூடாது. வாங்குகிறவர் கணக்கிலிருந்து விற்கிறவர் கணக்குக்கு நேராகப் போகட்டும். வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம், மிச்சம் கையில் என்று விற்பவர் கேட்கும்போது, வங்கிக் கடன் பத்திரத் தொகையை ஒட்டித்தான் கிடைக்கும் என்பதையும், பின்னாளில் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் மூலதன ஆதாய வரி கூடும் என்பதையும் வாங்குபவருக்கு விளக்கிவிட வேண்டும். பலர் அங்கேயே பின்வாங்குவார்கள்.

செலவுக் கணக்கை முதல் சந்திப்பிலேயே எழுதிக் கொடுங்கள். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 4இலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. 40 லட்சம் ரூபாய்க்கு அது மட்டுமே 3,60,000 ரூபாய். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிந்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை உண்டு. புதிய அடுக்ககங்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்து ஒரே மதிப்பு வைக்கும் கூட்டு மதிப்பு முறை வந்துவிட்டதால் கணக்கு வேறு. 50 லட்சமோ அதற்கு மேலோ விலையானால், விற்பவர் இந்தியாவில் வசிப்பவராக இருக்கும்பட்சத்தில், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசித்தால் பிடித்தம் அதைவிடப் பல மடங்கு. கடைசி நேரத்தில் இது தெரியவந்து முறிந்த பேரங்கள் ஏராளம்.

உங்கள் சொந்த வரி

புரமோட்டர் தரும் கமிஷனில் வரி பிடித்துத்தான் கொடுப்பார்கள். வரவில் ஒரு வீதத்தை லாபமாகக் கொள்ளும், சிறு வணிகர்களுக்கு உள்ள அனுமான வருமான முறை தரகு வருமானத்துக்குப் பொருந்தாது என்பதால், வரவு செலவுக் கணக்கை முறையாக எழுத வேண்டும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுத்துத் தரகுக்கு 18 சதவீதம் சேர்த்து வாங்க வேண்டும். முதல் வருடத்திலேயே ஒரு கணக்காயரைப் பார்த்துவிடுவது நல்லது.

ராஜினாமாவுக்கு முன்

அரசு ஊழியராக இருப்பவர் பகுதி நேரமாகக்கூட இதைத் தொட முடியாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் தனியார் தொழிலுக்கு இடம் தருவதில்லை, மனைவி பெயரில் நடத்துவதும் தொல்லையில்தான் முடியும். தனியார் நிறுவனத்தில் இருப்பவர் தம் நியமனக் கடிதத்தில் வேறு தொழில் செய்யத் தடை இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும். தடை இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைகளே போதும். வேலைக்குப் போகிற பார்ட்டிகள் வீடு பார்க்க வருவது அன்றுதான். ஒரு ஆடியும் ஒரு தையும் உட்பட இரண்டு பருவங்களைப் பகுதி நேரமாகப் பார்த்துவிட்டு, அதில் உங்கள் கையால் பத்திரம் வரை போன பேரங்கள் எத்தனை என்பதை வைத்து முடிவெடுங்கள். சைட் காட்டிய எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

ஐந்து வருடப் பணி முடியச் சில மாதங்கள்தான் இருக்கின்றன என்றால் பணிக்கொடைக்காகக் காத்திருப்பதில் தவறில்லை. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு கடைசி நாளோடு நின்றுவிடும் என்பதால், குடும்பத்துக்குத் தனிக் காப்பீட்டை முன்பே எடுத்து அதன் காத்திருப்புக் காலத்தை ஓடவிடுங்கள். உங்களுக்கே ஒரு வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே கடனுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். சுயதொழில் செய்பவரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கும். ஊருக்கெல்லாம் கடன் ஏற்பாடு செய்து தரும் தரகர், தமக்கு அந்தக் கணக்கு சேரும் வரை வாடகை வீட்டில்தான் இருக்க வேண்டியிருக்கும்.